டோர்ணக்கல் அத்தியட்சர் அசரியா

சென்னையினின்று டெல்லி நோக்கிச் செல்லும் புகைவண்டி, விஜயவாடாவைக் கடந்து காசிப்பேட்டையை அடையுமுன் டோர்ணக்கல் என்னும் சந்திப்பினூடே செல்கின்றது. விடுமுறைக்கு வடக்கே செல்லும் நம் மாணவர் பலர் அவ்வழியே பலமுறை போயிருப்பர். அவ்வூர்ப் பெயரைக் கவனித்தவர் சிலரே. தெலுங்கு நாட்டின் அச்சிற்றூரில், திருநெல்வேலிச் சீமையிற் பிறந்து, நம் கலாசாலையிற் பயின்று, அந்நிய பாஷையைக் கற்று, அந்நியரோடு வாழ்ந்து, அவருள் ஒருவராகவே மறைந்த தமிழர் ஒருவர் அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார். அவரே இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் அத்தியட்சராகிய வேதநாயகம் சாமுவேல் அசரியா.

சபைகளைப் புதுப்பிக்க வேண்டும், சபை தன் மதிற்சுவரைத் தாண்டி ஊராருக்குப் பயன்பட வேண்டும் என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். பேச்சு முடிந்ததும் பணத்துக்கு எங்கே போவது, ஆளுக்கு எங்கே போவது என்ற இரண்டு கேள்விகள் எழுகின்றன. அவற்றோடு கூட்டமும் கலைகின்றது. அந்த இரண்டு கேள்விகளுக்கும் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தவர் அசரியா. ஆகவே அவர் சரிதை பழங்கதையன்று.

பிறப்பும் இளமையும்

அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள், தேரி மணலும் பனைமரமும் மிகுந்த வெள்ளாளன்விளை என்னும் கிராமத்தில் பிறந்தார். அவர் தந்தையார் தாமஸ் வேதநாயகம், இந்து வியாபாரக் குடும்பத்திற் பிறந்து, மிஷன் பள்ளியிற் பயின்றபோது கிறிஸ்தவராகி, பின்பு கிராமக் குருவானவராக ஊழியஞ் செய்தவர். அன்னையார் எலன் அம்மையார் ஜெபத்திலும் ஒழுங்கிலும் கண்டிப்பு மிக்கவர். தந்தையார் 1889இல் காலமானார். தகப்பனை இழந்த பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய பாரம் தாயின்மேல் விழுந்தது. பிற்காலத்தில் அத்தியட்சரிடம் பலரும் வியந்து கண்ட எளிமையும் காலந்தவறாமையும் அன்னையின் வீட்டிற் கற்றவையே.

மெய்ஞ்ஞானபுரத்திலும் பின்னர்த் திருநெல்வேலியிலும் அவர் விடுதியில் தங்கிப் பயின்றார். அக்காலத்துத் திருநெல்வேலிக் கிறிஸ்தவ சமுதாயத்தில் சாதிப்பற்று ஆழ வேரூன்றியிருந்தது. ஒரே ஆலயத்திற் கூடி ஒரே நற்கருணையிற் பங்குபெற்றோர் வீட்டுப் பந்தியிற் பிரிந்தே அமர்ந்தனர். இவ்வேற்றுமையைக் கண்டு மனம் வருந்திய இளைஞர் அசரியா, சாதி ஒற்றுமையை வளர்ப்பதற்கென உடன்மாணவருடன் சேர்ந்து ஒரு சிறு சங்கத்தை அமைத்தார். சிறுவர் அமைத்த சங்கம் பெரியோர் வழக்கத்தை உடனே மாற்றிவிடவில்லை. ஆனால் அமைத்தவர் உள்ளத்தில் அது மாறாமல் நின்றது.

கலாசாலை வாழ்வு

உயர் படிப்பிற்காக அவர் சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையிற் சேர்ந்தார். அப்பொழுது நம் கலாசாலை தாம்பரத்தின் மரச்சோலையில் இல்லை. ஜார்ஜ் டவுனின் சந்தடிக்கு நடுவே, துறைமுகத்துக்கு அருகே இருந்தது. அங்கே சேலத்தைச் சேர்ந்த கே. டி. பால் என்னும் மாணவருடன் ஏற்பட்ட நட்பு இருவரையும் வாழ்நாள் முழுவதும் பிணைத்தது. ஒருவர் பிற்காலத்தில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் தேசியத் தலைவர்களுள் ஒருவராய்க் கிராமப் புனருத்தாரண வேலைக்கு வழிகாட்டினார், மற்றவர் அத்தியட்சரானார்.

அசரியா எடுத்துக்கொண்ட பாடம் கணிதம். இறுதிப் பரீட்சை நெருங்கிய சமயத்தில் அவர் கடுமையாக நோயுற்றார். பரீட்சை எழுதவில்லை, பட்டமும் பெறவில்லை. பட்டமே வாழ்வு என்றெண்ணும் மாணவர் இதனை ஊன்றி நோக்குதல் நன்று. பட்டம் பெறாது சென்ற அவருக்கு 1920இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை கௌரவச் சட்டப் பண்டிதர் பட்டம் அளித்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அவர் எந்தப் பரீட்சைக்கும் படித்தவரல்லர், கிராமங்களைப் படித்தவர்.

யாழ்ப்பாணம் கற்பித்த பாடம்

1895இல் அவர் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் ஊழியரானார். பதினான்கு ஆண்டுகள் அப்பணியில் தென்னிந்தியா எங்கும் சுற்றித் திரிந்து வாலிபரைச் சந்தித்தார். அமெரிக்கராகிய ஷெர்வுட் எடி அவருக்கு உயிர்த் தோழரானார். வெள்ளையரும் இந்தியரும் ஒரே கூடாரத்தில் உண்டு உறங்கி உழைப்பது அக்காலத்தில் அரிது. அவ்விருவரும் அதனைச் செய்தனர். 1898இல் அசரியா, தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் முதன்முதற் கலாசாலைப் படிப்புப் படித்தோரில் ஒருவரான அன்பு மாரியம்மாளை மணந்தார்.

1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே பணஞ் சேர்த்து, தம்முள் ஒருவரைக் கடல் கடந்து இந்தியாவின் தமிழ்க் கரைக்கு ஊழியராக அனுப்பியிருந்ததைக் கேட்டார். கேட்டவுடன் நாணமுற்றார். திருநெல்வேலிச் சபை யாழ்ப்பாணத்தினும் பன்மடங்கு பெரிது. பல தலைமுறை கண்டது. அஃது அதுகாறும் பிறருக்கென்று தொலைநாட்டுக்கு ஒருவரையும் அனுப்பியதில்லை. அந்நிய மிஷனரிகளை வரவேற்பதிலேயே திருப்தி கொண்டிருந்தது. பெறுவதையே வழக்கமாகக் கொண்ட சபை எவ்வளவு பெரிதாயினும் இன்னும் குழந்தைப் பருவத்திலேயே இருக்கிறதென்பதை அவர் அன்று உணர்ந்தார்.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1903 பெப்ருவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. ஊழியரும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பதே அதன் அடிப்படை விதி. நைஜாம் சமஸ்தானத்தில் டோர்ணக்கல்லைச் சுற்றிய தெலுங்கு நாட்டுப் பகுதியை அச்சங்கம் தனக்கு வயலாகத் தேர்ந்துகொண்டது. 1904இல் முதல் ஊழியர் அங்கே புறப்பட்டுச் சென்றார். அவர் போகும் செலவைத் திருநெல்வேலிக் கிராமச் சபைகள் ஏற்றன. பனையேறிகளும் சிறு வியாபாரிகளும் உழவரும் தம் வீட்டுப் பிடியரிசிக் கலயத்திலிருந்து தொடங்கிய வேலை அது. சிறு துளி பெருவெள்ளம் என்ற பழமொழிக்கு இதனினும் நல்ல சான்று தேட வேண்டுவதில்லை.

அடுத்து, 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, வங்காளத்துச் சீராம்பூரில், வில்லியம் கேரியின் நினைவு பொருந்திய நூல் நிலையத்தில் இந்தியா முழுவதற்குமான தேசிய மிஷனரி சங்கம் பிறந்தது. அசரியா அதன் பொதுக் காரியதரிசியானார்.

சொன்னவரே சென்றார்

பிறரை அனுப்புவது எளிது. தாம் போவது அரிது. ஊர் ஊராகச் சென்று தெலுங்கு நாட்டுக்கு ஆள் வேண்டும் என்று பேசிவந்த அசரியாவுக்கு, தாம் ஏன் போகலாகாது என்ற கேள்வி எழுந்தது. சங்கத்தின் உயர் பதவியை விட்டு, 1909இல் குருப்பட்டத்தின் முதற்படியான உதவிகுரு பட்டம் பெற்று, மனைவி மக்களுடன் டோர்ணக்கல் சென்றார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு அரிச்சுவடியைக் கையிலெடுத்தார். தொடக்கத்திற் கூடாரமே வீடு. மாட்டு வண்டியும் சைக்கிளும் வாகனங்கள்.

மறு ஆண்டு, 1910இல், எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனரி மகாநாட்டில் அவர் பேசினார். அந்நிய மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியருக்கும் உள்ள உறவே பொருள். மேல்நாட்டார் தந்த பணத்துக்கும் தியாகத்துக்கும் நன்றி கூறிய பின், கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவே நட்பு இல்லாத குறையைத் தயக்கமின்றி எடுத்துக் காட்டினார். ஒரே சபையில் ஊழியஞ் செய்வோர் ஒருவர் வீட்டில் ஒருவர் சமமாய் அமர்ந்து உண்ணாத நிலையை அவர் மறைக்கவில்லை. கேட்டவருட் சிலர் முகஞ் சுளித்தனர். சிலர் தலை குனிந்தனர். அப்பேச்சு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் உலகச் சபைகளில் நினைவு கூரப்படுகின்றது.

1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா அர்ச். பவுல் ஆலயத்தில் அவர் டோர்ணக்கல்லின் முதல் அத்தியட்சராக அபிஷேகம் பண்ணப்பட்டார். சென்னை அத்தியட்சர் ஹென்றி வைட்ஹெட் இதற்காகப் பெரிதும் முயன்றார். எதிர்ப்பு இல்லாமலில்லை. இந்தியருக்குக் கீழ் வெள்ளையர் ஊழியஞ் செய்வதெப்படி என்று சில மிஷனரிகள் மலைத்தனர். இந்தியக் கிறிஸ்தவருள்ளும் வேறு சாதியார் சிலர் நாடார் குலத்தவர் ஒருவர் இப்பதவி பெறுதலை விரும்பவில்லை. அசரியா இரு சாராரோடும் வாதாடவில்லை. முப்பத்திரண்டு ஆண்டு ஊழியமே அவரது மறுமொழி.

சபையைக் கட்டிய விதம்

அவர் பொறுப்பேற்றபோது ஆறு இந்தியக் குருமாரும் ஏறக்குறைய 170 ஊழியருமே இருந்தனர். 1920இல் ஆங்கில மிஷன் சங்கங்களின் தெலுங்குப் பகுதிகளும் சேர்க்கப்பட்டு அத்தியட்சாதீனம் மிகப் பரந்தது. சபையிற் சேர்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட மக்கள். நிலமில்லாக் கூலிகள்; தோல் வேலை செய்வோர்; எழுத்தறியாதவர்; ஊர்க் கிணற்றில் நீரெடுக்க உரிமையில்லாதவர். இத்தகையோர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தபோது, இவரைக் கொண்டு என்ன சபை கட்டமுடியும் என்று கேட்டோர் பலர்.

அசரியா நான்கு காரியங்களைப் பற்றிக்கொண்டார்.

முதலாவது, கிராம உபதேசியார். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் ஊழியர் வேண்டும். அவர் அக்கிராமத்தாரைப் போன்றே வாழ்பவராக இருத்தல் வேண்டும். ஆகவே டோர்ணக்கல்லில் அமைந்த பயிற்சிச் சாலையில் கணவனோடு மனைவியும் படித்தாள். வேதபாடத்தோடு உழவும் கைத்தொழிலும் இருந்தன. பகலெல்லாம் கூலி வேலை செய்து களைத்து வரும் மக்களை, மாலையில் விளக்கேற்றி ஒன்று கூட்டி, தெலுங்கு மெட்டில் பாடல்களும் வேதக் கதைகளும் ஜெபங்களும் கற்பிப்பதே உபதேசியாரின் நாள் வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் மனப்பாடமாக விசுவாசத்தைக் கற்றனர். காலப்போக்கில் கிராம உபதேசிமார் தொகை இரண்டாயிரத்தைத் தொட்டது. அவருட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குலங்களிற் பிறந்தவரே.

இரண்டாவது, காணிக்கை. ஏழைக்குக் கொடுக்கத் தெரியாது, கொடுக்கவும் வழியில்லை என்ற எண்ணத்தை அவர் அறவே வெறுத்தார். ஏழையிடம் ஒன்றும் கேளாதிருப்பது இரக்கம்போல் தோன்றினும், அஃது அவனை என்றும் இரப்பவனாகவே வைத்திருப்பதாகும் என்பது அவர் துணிபு. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி, அறுவடையில் முதற்பலன், கோழி, முட்டை, காய்கறி என எது இருக்கிறதோ அதுவே காணிக்கை. அறுப்பின் பண்டிகையில் ஆலயப் படிகளில் தானியம் குவியும். கிறிஸ்தவக் கொடையைப் பற்றி அவர் எழுதிய நூல் இந்த அநுபவத்திலிருந்து எழுந்ததே.

மூன்றாவது, சாட்சி. சுவிசேஷ ஊழியம் சம்பளம் பெறுவோரின் வேலை என்பதை அவர் ஒப்பவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, சுவிசேஷத்தை அறிவியாவிடில் தமக்குக் கேடு என்று அப்போஸ்தலர் பவுல் கூறிய பொருள்படச் சொல்லுமாறு அவர் கற்பித்தார். ஆண்டுதோறும் ஒரு வாரம் சாட்சி வாரமாயிற்று. அவ்வாரத்தில் கூலியாட்களும் பெண்களும் அயலூர்களுக்குச் சென்று பாடியும் பேசியும் வந்தனர். பேச்சினும் வாழ்வே வலியது என்பதையும் அவர் மறவாது வற்புறுத்தினார். செத்த மாட்டிறைச்சியை விடுதல், குடியை ஒழித்தல், வீட்டைத் துப்புரவாக வைத்தல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் இவை அவர் சபைகளிடம் கேட்ட சாட்சிகள். இம்மாறுதலைக் கண்ட மேற்சாதி உழவர் பலர், தம் வயலில் வேலை செய்வோரின் மார்க்கத்தைத் தாமும் விசாரிக்கத் தொடங்கினர். 1920களிலும் 1930களிலும் அவருட் பல்லாயிரவர் சபையிற் சேர்ந்தனர். ஊரின் கடைக்கோடியில் வாழ்ந்தவர் ஊருக்கு ஆசிரியரான அதிசயம் இது.

நான்காவது, ஆராதனையின் உருவம். இந்தியன் கிறிஸ்தவனாவதற்கு ஆங்கிலேயனாக வேண்டுவதில்லை என்பதை அவர் செயலிற் காட்டினார். பஜனையும் பவனியும் திருவிழாவும் சபைக்குள் வந்தன. டோர்ணக்கல்லில் எழுந்த அத்தியட்ச ஆலயம் இதற்குக் கற்சான்று. இந்துக் கோயில் தூண்களும் முஸ்லிம் கட்டடக் கலைக்குரிய கும்மட்டங்களும் அதில் ஒன்றுகூடியுள்ளன. கல்லில் தாமரையும் வாழைப்பூவும் மலர்ந்துள்ளன. ஏறத்தாழக் கால் நூற்றாண்டாகச் சிறுகச் சிறுகக் கட்டப்பெற்ற அவ்வாலயம் 1939 ஜனவரி 6ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

இவ்வளவும் காகிதத்திலே போட்ட திட்டங்களல்ல. ஒவ்வொரு கிராமத்துக்கும் அவர் தாமே சென்றார். சென்றவிடத்தில் பிரசங்கித்துவிட்டுத் திரும்பாமல், மக்களைக் கேள்வி கேட்பார்: குடி நின்றதா, ஜெபம் நடக்கிறதா, அயலாருக்கு என்ன செய்தீர்கள் என்று விசாரிப்பார். மக்கள் அவரைத் தெலுங்கில் தந்தையார் என்னும் பொருள்படத் தண்டிரிகாரு என்றே அழைத்தனர். பெண்கள் நடுவில் அன்பு அம்மையார் செய்த ஊழியம் அவர் ஊழியத்தில் பாதி எனலாம்.

இடர்களும் குறைகளும்

பெரியோர் சரிதையில் நிறைவை மட்டுங் கூறுதல் நேர்மையன்று. அவர் சபையிலும் சாதி ஒழிந்துவிடவில்லை. மாலாவும் மாதிகாவும் ஒரே மேசையில் நற்கருணை பெற்றபோதிலும் தமக்குள் பூசலிட்டனர். அவருடைய கடைசிக் காலங்களில் அப்பூசல் அத்தியட்சரையே எதிர்க்குமளவுக்கு வளர்ந்தது. சிறுவனாய்த் திருநெல்வேலியிற் கண்ட அதே நோயை முதியவராய் டோர்ணக்கல்லிலும் கண்டார். தந்தையாரைப்போல் ஆண்டவர், பிள்ளைகள் தம் கருத்தைக் கூற இன்னும் அதிக இடங் கொடுத்திருக்கலாம் என்று கருதுவோரும் உளர்.

1930களில் காந்தியடிகளோடும் கருத்து வேற்றுமை எழுந்தது. ஒடுக்கப்பட்டோர் கூட்டமாக மதம் மாறுதலைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. அம்மக்கள் தம் ஆத்தும காரியத்தைத் தாமே முடிவுசெய்ய வல்லவர் என்பது அசரியாவின் நிலை. ஆயினும் கிறிஸ்தவருக்குத் தனித் தொகுதி வேண்டுமென்று அரசியலார் கேட்டபோது அதனை அவர் எதிர்த்தார். தனித் தொகுதி சபையை அயலாரினின்று பிரித்து, இலாபங் கருதும் ஒரு வகுப்பாகச் சுருக்கிவிடும் என அஞ்சினார். தம் சமுதாயத்துக்குக் கிடைக்கும் சலுகையைத் தாமே வேண்டாமெனக் கூறிய தலைவர் எக்காலத்தும் சிலரே.

சபைகளின் பிரிவினையும் அவரை வாட்டியது. 1919 மே மாதம் தரங்கம்பாடியிற் கூடிய இந்தியக் குருமாரின் கூட்டத்தை நடத்தியவருள் அவர் முதன்மையானவர். மேல்நாட்டுச் சண்டைகளால் உண்டான பிரிவுகளைத் தென்னிந்தியர் சுமப்பானேன் என்ற கேள்வி அங்கே எழுந்தது. 1927இல் லோசான் மகாநாட்டிலும், 1937இல் எடின்பரோவிலும் அவர் அதே பொருளை வற்புறுத்தினார்.

தாம்பரத்தில் அத்தியட்சர்

1937இல் நம் கலாசாலை தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை, சர்வதேச மிஷனரி ஆலோசனைச் சங்கத்தின் உலக மகாநாடு நம் புதிய கட்டடங்களிற் கூடியது. சீனாவின் ஹாங்சௌ நகரில் நடக்கவிருந்தது, அங்கே மூண்ட யுத்தத்தினால் இங்கு வந்தது. ஏறக்குறைய எழுபது நாடுகளினின்றும் 470 பேர் வந்திருந்தனர். ஜான் மாட் தலைமை தாங்கினார். எடின்பரோவில் விரல்விட்டு எண்ணத்தக்க ஆசியருள் ஒருவராய் நின்ற அசரியா, இங்கே இந்தியக் கிறிஸ்தவ ஆலோசனைச் சங்கத்தின் தலைவராய், வீட்டுக்காரராய் நின்றார். மகாநாட்டின் நடுப்பொருள் சபை. கிறிஸ்தவ ஊழியத்தைச் செய்வது தூர தேசத்துச் சங்கமன்று, அவ்வவ்வூர்ச் சபையே என்னும் கருத்து அங்கே வலுப்பெற்றது. அசரியா முப்பது ஆண்டுகளாகக் கிராமங்களிற் செய்துவந்ததும் இதுவே.

சபை ஐக்கியத்தைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை. 1944 டிசம்பரில் கிராமச் சுற்றுப்பிரயாணம் முடித்து வந்தவர் காய்ச்சலுற்று, 1945 ஜனவரி 1ஆம் நாள் டோர்ணக்கல்லில் காலமானார். இரண்டே முக்கால் ஆண்டுகளுக்குப்பின், 1947 செப்டம்பர் 27ஆம் நாள், சென்னை அர்ச். ஜார்ஜ் ஆலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

நாம் செய்யவேண்டுவது

இன்று தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது. சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என எத்திசையிலும் வீடுகள் பெருகின. தென் மாவட்டங்களினின்று வந்து குடியேறிய கிறிஸ்தவர் பலர் இங்குள்ள சபைகளிற் கூடுகின்றனர். ஆலயங்கள் பெரிதாகின்றன, ஒலிபெருக்கிகளும் பெருகுகின்றன. 2015 டிசம்பரில் முடிச்சூர்த் தெருக்களில் வெள்ளம் ஏறி நின்றபோது நம் சபைகள் தமக்குத்தாமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நம் சபை இங்கே இருப்பதனால் இவ்வூரார்க்கு என்ன பயன்?

புதுப்பித்தல் என்பது புதிய கட்டடத்தாலும் புதிய குழுவாலும் ஆவதன்று என்பதை அசரியாவின் சரிதை நமக்கு விளக்குகின்றது. கற்பிக்க ஒருவர், கொடுக்க ஒரு பிடி, அயலாரிடம் செல்ல ஒரு வாரம், தம் மொழியில் ஓர் ஆராதனை என இந்நான்கும் எந்தச் சிறு சபைக்கும் எட்டக்கூடியவை. பொருளில்லை என்பவர், தெலுங்கு நாட்டுக் கூலிப்பெண் ஒதுக்கிவைத்த பிடியரிசியை நினைப்பாராக. ஆளில்லை என்பவர், பிறரை அனுப்பப் பேசிப் பேசி ஈற்றில் தாமே புறப்பட்ட அம்மனிதரை நினைப்பாராக.

நம் கலாசாலையினின்றும் பட்டம் பெற்றுச் சென்றோர் பல்லாயிரவர். பட்டம் பெறாமற் சென்ற இவர் ஒருவரை அவரெல்லாரும் மறவாதிருப்பாராக.